ஆபரேஷன் முடிந்தது, ஆஸ்பத்திரி முடியவில்லை



உடல் பருமனைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்வது ஒரு காலத்தில் பணக்கார வீட்டுக் கதையாக இருந்தது. இன்று நமது நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் சிலவற்றிலும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளிலும் அது நடக்கிறது. தோட்டத்தில் இருப்பவர்களிலும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்களிலும் அதைச் செய்துகொண்டவர்கள் உண்டு. செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2023-இல் அது 54.4 விழுக்காடாக ஏறிவிட்டது. அதே 2019 கணக்கில் நம் இந்தியர்களிடையே மட்டும் 100 பேரில் 31 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. ஆகவே இந்த ஆபரேஷனைப் பற்றிய பேச்சு நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி கொடுக்கும் மறுபரிசோதனைத் தேதிகளைப் பற்றித்தான் பேச்சு இல்லை. "தையல் காஞ்சிருச்சு, எடையும் இறங்குது, உடம்பும் நல்லாத்தான் இருக்கு. இனிமே என்னத்துக்கு பஸ் ஏறிப் போயி, நாள் முழுக்கக் காத்துக் கிடந்து, ஒரு நாள் சம்பளத்த விடணும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்ற கதைதான். ஆனால் இந்த ஆற்றை நீங்கள் இன்னும் கடந்து முடிக்கவில்லை. ஏன் என்பதை இந்த மாதம் பார்ப்போம்.

வயிற்றுக்குள் என்ன நடந்தது?

பெரும்பாலும் இரண்டு வகை ஆபரேஷன் செய்கிறார்கள். முதல் வகையில் இரைப்பையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் போன்ற குழாயாக விட்டுவிடுவார்கள். இரண்டாம் வகையில் இரைப்பையின் மேல்பக்கம் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்துவிடுவார்கள். சாப்பாடு குடலின் முதல் பகுதியைத் தொடாமல் குறுக்கு வழியில் போகும்.

இதனால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறது. பசியைத் தூண்டும் சுரப்பும் குறைகிறது. உடம்பு தன் மொத்த எடையில் கால் பங்கு, சிலருக்கு அதற்கு மேலும் இழக்கிறது. நல்லதுதான். ஆனால் அதே வாய் வழியாகத்தான் இரும்புச் சத்தும், சுண்ணாம்புச் சத்தும், வைட்டமின்களும் உள்ளே போக வேண்டும். உணவு குறைந்தால் அவையும் குறையும். குறுக்கு வழி போட்ட வயிற்றில் உள்ளே போனதும் முழுதாக உடம்பில் சேராது. ஆபரேஷன் செய்த வயிறு பழையபடி ஆகப்போவதில்லை. ஆகவே அதைக் கவனிக்கும் வேலையும் ஆயுள் முழுவதும் உண்டு. பால்மரத்தில் கோடு போட்டுத் திறந்த அன்றோடு வேலை முடிந்ததா? பட்டை வளர்கிறதா, காயம் பட்டிருக்கிறதா என்று வருடக்கணக்கில் பார்க்கவில்லையா? அதுபோலத்தான்.

எப்போதெல்லாம் போக வேண்டும்?

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி சிறு வித்தியாசம் இருக்கும். பொதுவாக முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு முறை. பிறகு ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம். அதற்குப் பின் வருடத்துக்கு ஒரு முறை, ஆயுள் முழுவதும். ஒவ்வொரு தடவையும் பார்ப்பது ஒன்றல்ல.

முதல் மாதத்தில் பார்ப்பது காயம், கசிவு, தண்ணீர் போதுமான அளவு இறங்குகிறதா என்பது. மூன்றாம், ஆறாம் மாதங்களில் எடை வேகமாக இறங்கும். அப்போது பித்தப்பையில் கல் உண்டாகலாம், முடி கொட்டலாம், சதை கரையலாம். ஒரு வருடத்துக்குப் பின் பார்ப்பது சத்துக் குறைவு. இரண்டு வருடத்துக்குப் பின் எடை மறுபடி ஏறுகிறதா என்பதும் சேரும்.

இதில் ஒன்றை மனத்தில் வையுங்கள். பி12 என்ற வைட்டமினை நமது ஈரல் வருடக்கணக்குக்குச் சேமித்து வைத்திருக்கும். ஆபரேஷனுக்குப் பின் புதிதாக வருவது நின்றாலும் பழைய சேமிப்பில் உடம்பு ஓடிக்கொண்டிருக்கும். சேமிப்புக் கரைந்து கை கால் மரத்துப்போக ஆரம்பிக்கும்போது இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அதாவது, "எனக்கு ஒன்றுமில்லை" என்று நீங்கள் தேதியை விட்டுவிடும் அந்தக் காலத்தில்தான் குறை உள்ளே வளர்கிறது. நரம்பு கெட்டபின் அதை முழுதாகத் திருப்பிக் கொண்டுவர முடியாமல் போகலாம். இரத்தத்தைப் பரிசோதித்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். மாத்திரையோ ஊசியோ போட்டுச் சரி செய்யலாம்.

போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது

டாக்டர் உங்களைப் பார்க்கும் நேரம் பத்து நிமிடமாக இருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தைப் பத்து வெள்ளியாகச் செலவழிப்பதும் பத்துக் காசாக வீணடிப்பதும் உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதிக்கு முந்திய ஒரு வாரம் பசியாறியது முதல் இராச்சாப்பாடு வரை என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று உள்ளபடி எழுதுங்கள். காலையில் ஒரு ரொட்டி சானாயில் பாதி, பத்து மணிக்கு ஒரு தே தாரிக், மத்தியானம் இரண்டு கரண்டி சோறு என்றால் அப்படியே எழுதுங்கள். டாக்டருக்குப் பிடிக்கும் என்று பொய்க்கணக்கு எழுத வேண்டாம். பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். முட்டை, மீன், கோழி, பருப்பு, தௌபூ, தெம்பே இவற்றில் எது எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று உணவு ஆலோசகர் உங்கள் நோட்டைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

எத்தனை முறை வாந்தி, எதைச் சாப்பிட்டபின் வந்தது, தலைச்சுற்றல் வெட்டுக்காட்டில் வந்ததா வீட்டில் வந்ததா, மலம் எப்படிப் போகிறது என்பதையும் குறியுங்கள். சாப்பிடும் மருந்து அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வைட்டமின், நாட்டு மருந்து, ஜாமு, கடையில் வாங்கிய வலி மாத்திரை எல்லாமே சேர்த்தி. தனியார் ஆஸ்பத்திரியிலோ வேறு ஊரிலோ ஆபரேஷன் செய்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டின் நகலை மறக்காதீர்கள். எந்த வகை ஆபரேஷன் என்று தெரியாமல் எந்த டாக்டரும் சரியாக வைத்தியம் பார்க்க முடியாது.

கேட்க வேண்டிய கேள்விகளில் மிக முக்கியமான மூன்றை முதலில் எழுதுங்கள். மலாய் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மலாயில் எழுதித் தரச் சொல்லுங்கள். வேலைக்கு வேண்டிய மலாய் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. நோயைச் சொல்லும்போதுதான் வார்த்தை தட்டும். மரத்துப்போவதைக் "கெபாஸ்" என்றும், தலைச்சுற்றலைப் "பெனிங்" என்றும் சரியாகச் சொல்லாமல் "சாக்கிட்" என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டால் டாக்டருக்கு எப்படிப் புரியும்?

டாக்டர் முன்னால் உட்கார்ந்தபின்

எல்லாவற்றுக்கும் "ஓகே டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து மிஸ்ஸியிடம் "டாக்டர் என்னம்மா சொன்னாரு?" என்று கேட்பது நம் பழக்கம். இதை விட வேண்டும். புரியாவிட்டால் "மறுபடி சொல்லுங்க டாக்டர்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவர் சொன்னதை உங்கள் வாயால் ஒரு முறை திருப்பிச் சொல்லிச் சரியா என்று கேளுங்கள். முடிந்தால் வீட்டில் சமைப்பவரையும் கூட அழைத்துப் போங்கள். கணவனுக்கு ஆபரேஷன் என்றால் மனைவி வரட்டும். மனைவிக்கு என்றால் கணவன் ஒரு நாள் வரட்டும். சமையல் மாறாமல் வயிறு மட்டும் மாறிப் பயனில்லை.

இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரத்தத்தின் அளவு, இரும்புச் சேமிப்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்து, ஈரல், சிறுநீரகம், மூன்று மாதச் சீனிக் கணக்கு இவை பொதுவாகப் பார்க்கப்படும். எண்ணை நோட்டில் எழுதி வைத்தால் போன வருடத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று நீங்களே சொல்லலாம்.

மாத்திரை சாப்பிடும் முறையையும் கேளுங்கள். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு குடித்தாலும் பலன் குறையும். "மாத்திர தவறாம சாப்பிடுறேன், ஆனா ரத்தம் ஏறல" என்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கவனிக்க

ஆபரேஷனுக்குப் பின் சில நாட்களிலேயே சீனி அளவு இறங்க ஆரம்பிக்கும். சந்தோஷமான செய்தி. ஆனால் பழைய அளவிலேயே இன்சுலினோ மாத்திரையோ போட்டுக்கொண்டிருந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். இரத்தக் கொதிப்பு மாத்திரையும் அப்படியே. எடை இறங்கும்போது அழுத்தமும் இறங்கித் தலை கிறுகிறுக்கும்.

ஒரு தோழர் விடியற்காலையில் கொஞ்சம் பசியாறிவிட்டு, பழைய அளவு மருந்தையும் போட்டுக்கொண்டு, செம்பனைக் குலை வெட்ட நீளக் கம்பு அரிவாளைத் தூக்கி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டுகிறது. தலைக்கு மேலே அரிவாள். அதற்கு மேலே 20 கிலோ குலை. என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வீட்டில் எடுத்த சீனி, கொதிப்பு எண்களை ஒவ்வொரு தேதிக்கும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்தை நீங்களாகவும் நிறுத்த வேண்டாம், நீங்களாகவும் தொடர வேண்டாம். அளவை மாற்றுவது டாக்டரின் வேலை. எண்ணைக் கொண்டுபோவது உங்கள் வேலை.

உடம்பு வலிக்கு என்று போன்ஸ்தான், வோல்டாரன் போன்ற மாத்திரைகளை விழுங்குவது தோட்டத்தில் சகஜம். ஆபரேஷன் செய்த வயிற்றில், முக்கியமாகக் குறுக்கு வழி போட்ட வயிற்றில், இவை புண் உண்டாக்கி இரத்தம் கசியச் செய்யலாம். தோட்டத்து டிரெஸரிடமும் வெளி கிளினிக்கிலும் "எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று முதலிலேயே சொல்லுங்கள். புகையும் அந்தப் புண்ணுக்கு உரம் போடுவதுதான்.

சம்சு, பீர் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாறிய வயிற்றிலிருந்து சாராயம் வேகமாக இரத்தத்தில் ஏறும். முன்பு குடித்ததில் பாதி அளவே தள்ளாட வைக்கும். சாப்பாட்டில் இருந்த ஆசை குடியின் மேல் திரும்புவதும் சிலருக்கு நடக்கிறது. டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அவர் கேட்பது வைத்தியத்துக்காக.

தாய்மார்களுக்கு

எடை குறைந்ததும் பல பெண்களுக்குக் கருப்பிடிக்கும் சக்தி கூடும். வருடக்கணக்கில் பிள்ளை இல்லாதவர்களுக்கும் சீக்கிரம் உண்டாகலாம். ஆனால் ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தரிக்காமல் இருப்பது நல்லது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். தாயின் உடம்பே சத்துக்குத் திண்டாடும் நேரத்தில் பிள்ளைக்கு எங்கிருந்து கொடுப்பது? குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை குறுக்கு வழி வயிற்றில் சரியாகச் சேராமல் போகலாம். வேறு முறை என்ன என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

கர்ப்பமாகிவிட்டால் தாய் சேய் கிளினிக்கில் ஆபரேஷன் விஷயத்தை முதல் நாளே சொல்லுங்கள். அங்கே இனிப்புநீர் பார்க்கக் கொடுக்கும் சீனித்தண்ணீர் உங்கள் வயிற்றுக்கு ஒத்துவராமல் மயக்கமும் வயிற்றுப்போக்கும் வரலாம். வேறு விதமாகப் பரிசோதிக்க வழி உண்டு.

தைப்பூச விரதம், வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருப்பவர்களும் விரதத்துக்கு முன் வரும் தேதியில் டாக்டரிடம் கலந்துகொள்ளுங்கள். விரதம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மரக்கறி சாப்பிடும் நாட்களில் புரதத்துக்கு வழி என்ன, காவடி எடுக்கும் நாளில் தண்ணீர் எப்படிக் குடிப்பது என்பதற்குத் திட்டம் வேண்டும்.

தேதி வரை காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளவற்றைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

1. காய்ச்சல், விடாத வயிற்று வலி, இளைப்பாறியும் குறையாத வேகமான நெஞ்சுத் துடிப்பு. முக்கியமாக முதல் சில வாரங்களில்.
2. குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி.
3. வாந்தி நாள்கணக்கில் நீடித்து, கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, புத்தி தடுமாறுவது. இது பி1 வைட்டமின் குறைவாக இருக்கலாம். தாமதித்தால் மூளைக்கே கெடுதி.
4. கறுத்த மலம், அல்லது வாந்தியில் இரத்தம்.
5. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல்.
6. வலது விலாவின் கீழ்க் கடும் வலி, கண் மஞ்சளாவது.

"ஆபரேஷன் பண்ணவங்களுக்கு வாந்தி வரத்தான் செய்யும்" என்று அண்டை வீட்டார் சொல்வதைக் கேட்டு வீட்டில் படுத்துக் கிடக்காதீர்கள். அவசரப் பிரிவில் எந்த ஆபரேஷன், எந்த மாதம் செய்தது என்று முதலில் சொல்லுங்கள்.

லீவும் சம்பளமும்

ஒரு நாள் சம்பளம் நமக்குப் பெரிது. அதனால் சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி தீபகற்ப மலேசியாவில் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள். ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை. 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. படுக்கையில் இருந்த நாட்களை 14-லிருந்தோ 22-லிருந்தோ கழிக்கக் கூடாது. உங்கள் தோட்டத்துக் கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிட நல்ல விதி இருந்தால் அதைக் கேட்டுப் பெறலாம்.

ஆனால் எம்.சி. என்பது வேறு, வந்து போனதற்குக் கொடுக்கும் நேரச் சீட்டு வேறு. சம்பளத்தோடு நோய் விடுப்புக்கு டாக்டர் கொடுக்கும் எம்.சி. வேண்டும். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். மறுபரிசோதனைத் தேதி முன்பே தெரிந்ததுதானே? கார்டு கிடைத்த அன்றே மண்டோரிடமும் கிராணியிடமும் காட்டிவிடுங்கள். பிரச்சினை எழுந்தால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். வேலைக்குத் திரும்பும்போது எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; வாய்வார்த்தை பெரட்டில் நிற்காது.

தூரமும் ஒரு தடைதான். இரத்தத்தை முன்கூட்டியே பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் எடுக்க முடியுமா, பி12 ஊசியை அங்கேயே போட்டுக்கொள்ளக் கடிதம் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். மாதா மாதம் எடுக்கும் மருந்தை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரசாங்க மருந்தகத்தில் வாங்க எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேட்டால் பதிந்து கொடுப்பார்கள்.

எடை ஏறிவிட்டதா? வெட்கம் வேண்டாம்

எடை முதல் ஒன்றரை வருடத்துக்குள் அடிமட்டத்துக்கு வரும். பிறகு கொஞ்சம் ஏறுவது பலருக்கும் உள்ளதுதான். "இவ்வளவு செலவு பண்ணி, வெட்டிக்கிட்டு, மறுபடியும் ஏறிப்போச்சே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு டாக்டரப் பாக்குறது?" என்று கார்டைத் தூக்கி அலமாரியில் போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். தோழர்களே, மிகவும் போக வேண்டிய நாள் அந்த நாள்தான். இனிப்புத் தேநீரா, நொறுக்குத் தீனியா, தூக்கமில்லாத ஷிப்ட் வேலையா, மனக்கவலையா, வேறு மருந்தின் விளைவா என்று காரணம் தேட வேண்டும். 5 கிலோ ஏறியபோது போனால் சரிசெய்வது சுலபம். 20 கிலோ ஏறியபின் போனால் கஷ்டம். மனம் சோர்ந்திருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

தேதி தவறிப்போயிருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. கார்டில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து புதுத் தேதி கேளுங்கள். கார்டு தொலைந்திருந்தால் அடையாளக் கார்டைக் கொண்டுபோய்ப் பதிவு முகப்பில் கேளுங்கள். வருடங்கள் ஓடிவிட்டதென்றால் பக்கத்துக் கிளினிக்கில் விஷயத்தைச் சொல்லி இரத்தம் பார்த்து, மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்குங்கள்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் ஆகியிருந்தால் அப்பாயிண்ட்மெண்ட் கார்டை எடுத்து அடுத்த தேதியைப் பார்த்து, நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். உங்கள் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள் என்றால் இந்தத் தாளை அவர்களிடம் கொடுங்கள்.